வாவிக்குள் இறங்கும் உரம்

ஆசிரியருக்கு,

மீன் செத்து மிதந்தால்தான் மட்டக்களப்பு வாவி செய்தியாகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் நைதரசனையும் பொசுபரசையும் பற்றி யாரும் பேசுவதில்லை.

50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன். பயிர் எடுத்ததுபோக ஒரு பங்கு நைத்திரேற்றாகக் கரைந்து, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயல் வாய்க்கால்களால் வாவிக்கு வருகிறது. பொசுபரசு அப்படியல்ல. களிமண்ணில் ஒட்டிக் கலங்கல் தண்ணீரோடு வந்து அடியில் படியும். அங்கே ஒட்சிசன் குறைந்தால் திரும்பவும் கரைந்து மேலே வரும். ஆகவே இன்றைக்கே உரத்தைக் குறைத்தாலும் பழைய பாக்கி உள்ளேதான் கிடக்கும். நகரத்து வடிகான்களின் கழிவுநீர் வேறு!

கோடையில் பாலமீன்மடு முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் வாவி நீர் தேங்கி, இந்தச் சத்துகளால் பாசி பெருகுகிறது. பாசியும் இரவில் சுவாசித்து ஒட்சிசனைக் குறைப்பதால், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன.

கமக்காரர்மீது மட்டும் பழி போடுவது சரியல்ல. அடைமழைக்கு முதல்நாள் எறிந்த யூரியா வயலில் நிற்காது. அதை அவர்களுக்கு நேரத்தோடு சொல்ல ஆள் வேண்டும். வாவி நீரை மாதந்தோறும் அளந்து, முடிவை மீனவர் சங்கங்களுக்கும் கமக்காரர் அமைப்புகளுக்கும் அதிகாரிகள் அறிவிக்க வேண்டும். இந்தப் பெரும்போகத்திலேயே தொடங்குங்கள்.

வாசகர்,
கல்லடி