தங்கவயலில் வீடு வாங்கும் முன்

அன்பு மகளுக்கு,

பெங்களூரில் கொட்டும் வாடகையை மிச்சம் பிடித்துக் கோலார் தங்கவயலிலேயே ஒரு வீடு வாங்கிவிடலாமா என்று நீயும் மாப்பிள்ளையும் யோசிப்பது நல்லதுதான். வாங்கலாம் கண்ணு. ஆனால் விலை மலிவு என்றதும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடியபின் ஊரில் வேலை குறைந்துபோனது, அதனால் விலை அதிகம் ஏறவில்லை. அந்த மலிவில் பயமில்லை. நிலம் விற்பவர் பெயரிலேயே இல்லாததால் வரும் மலிவுதான் ஆளை முழுங்கும்.

மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் பக்கத்து லைன் வீடுகள், அதாவது சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டியவை, சுரங்கக் கம்பெனி நிலத்தில் நிற்பவை. மூன்று தலைமுறை குடியிருந்தாலும், கையில் முறையான உரிமைப் பத்திரம் இல்லாதவரால் அதை உனக்கு விற்க முடியாது. முத்திரைத்தாளில் அக்ரிமெண்டும் பவர் பத்திரமும் எழுதித் தருகிறேன் என்பார்கள். அவற்றால் சொத்து கைமாறாது என்று 2011-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வீட்டுக்கு வங்கிக் கடனும் கிடைக்காது. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் கிரயப் பத்திரமும் நகரசபைக் காத்தாவும் (சொத்துவரிப் பதிவேட்டில் உரிமையாளர் பெயர் இருப்பதற்கான சான்று) உள்ள வீடாகப் பார்.

முதலில் இ-காத்தா, அதாவது கணினியில் ஏற்றிய காத்தா, கேள். அது இல்லாமல் இப்போது பத்திரப் பதிவு நடக்காது. ஏ காத்தாவா (எல்லா அனுமதியும் உள்ளது), பி காத்தாவா (அனுமதியில் குறை உள்ளது) என்றும் பார். பி என்றால் கடன் கிடைப்பது கஷ்டம். அடுத்து முப்பது வருட ஈசி, அதாவது வில்லங்கச் சான்று. அரசின் பத்திரப்பதிவு இணையதளமான காவேரியில் 1-4-2004-க்குப் பிந்தையது மட்டுமே வரும். அதற்கு முந்தையதற்குச் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் தனியாக மனுப் போட்டுக் கைப்பதிவைத் தேடச் சொல்லவேண்டும். இதைத் தவறவிடாதே. சுரங்கம் மூடிய கையோடு ஊரைவிட்டுப் போனவர்கள் விற்றதும் அடகு வைத்ததும் அந்தப் பழைய ஏட்டில்தான் இருக்கும். செலவையும் கணக்கில் வை: முத்திரைத் தீர்வை செஸ்ஸோடு 5.6 சதவீதம், பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் 31 முதல் 2 சதவீதம். 30 லட்சம் வீட்டுக்கு 2,28,000 ரூபாய் தனி. அரசு வழிகாட்டி மதிப்பு அதிகமாக இருந்தால் அதன்மேல்தான் கணக்கு.

பத்திரம் சரியென்றால் வீட்டைப் போய்ப் பார். கீழே சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம்; மூடியபின் தண்ணீர் நிரம்பி நிற்கிறது, அதனால் பாறை நொறுங்கி நிலம் அதிர்வது முழுசாக நின்றுவிடவில்லை. பூச்சில் மயிரிழை விரிசல் இருந்தால் பரவாயில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலை விடாதே. அதன் குறுக்கே சிமெண்ட் பூசித் தேதி எழுதிவிட்டு, ஒரு மழைக்காலம் போனதும் பார். பூச்சு வெடித்திருந்தால் அஸ்திவாரம் இன்னும் அசைகிறது, வேண்டாம். அருகில் பழைய ஷாப்ட் (சுரங்கத்துக்குள் இறங்கும் குழி) இருக்கிறதா என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களைக் கேள், அவர்களுக்கு மனப்பாடம்.

சயனைடு மேட்டுக்கு, அதாவது தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண் மேட்டுக்குக் கிழக்கே, வடகிழக்கே உள்ள வீடு வேண்டாம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும்போது மாவு மாதிரித் தூள் சோற்றுத் தட்டு வரை வரும். குழந்தையின் நெஞ்சுக்கு அது ஆகாது. அந்த மேடுகளிலிருந்து மறுபடி தங்கம் எடுக்க 2024 ஜூனில் மாநில அமைச்சரவை சம்மதித்தது. அதைச் சொல்லியே விலை ஏற்றுகிறார்கள். வராத வேலைக்கு நீ இன்றே காசு கொடுக்காதே. கிளறினால் தூசியும் எழும் என்பதை யோசி.

தண்ணீர்தான் அன்றாடக் கவலை. குழாய்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று வீட்டுக்காரரை விட்டுவிட்டு எதிர்வீட்டு அம்மாவைக் கேள். தரைத்தொட்டி பெரிதாக இருக்கவேண்டும். போர்வெல் இருந்தால் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடு. கோலார் மாவட்டத்துப் போர்வெல் தண்ணீரில் புளோரைடு அதிகம்; லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினால் குடிக்கக் கூடாது. காய்ச்சினால் புளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். ஆர்.ஓ. வடிகட்டி வைக்கவேண்டும்.

மாப்பிள்ளை தினமும் ரயிலில் போய் வருவதென்றால் மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில், கம்பெனி நிலத்தில் இல்லாத வீடாகப் பார். வண்டி அங்கே புறப்படுவதால் உட்கார இடம் கிடைக்கும். பங்காருப்பேட்டையில் கூட்டம் ஏறிவிடும். போக வர நான்கு மணி நேரத்துக்கு மேல் ரயிலிலேயே போய்விடும். வாங்குவதற்கு முன் ஒரு மாதம் சீசன் டிக்கெட் எடுத்து அவரைப் போய் வரச் சொல். பெரிய வைத்தியம் என்றால் கோலாருக்குத்தான் ஓடவேண்டும், அதையும் அவரிடம் சொல்.

பார்க்கிற வீட்டின் காத்தா நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பு. பழைய ஈசிக்கு நானே மனுப் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா