ஒரு டிக்கில் அடங்காத கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வளரிளம் பருவத்தினரைப் பற்றிய ஆய்வுகளில் பெற்றோரின் மனநல வரலாற்றையும் சேர்க்க வேண்டும் என்று உங்கள் இதழில் எழுதியிருந்தார்கள். சரிதான். ஆனால் எப்படிக் கேட்பது என்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

எங்கள் காரைக்குடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு வந்த ஆய்வுப் படிவத்தைப் பார்த்தேன். "பெற்றோருக்கு மனநோய் இருந்ததுண்டா? ஆம் / இல்லை." அவ்வளவுதான். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, வீட்டுக் கூடமான பட்டாலையில் வைத்து அம்மா நிரப்புகிறார். அப்பச்சி, அதாவது பிள்ளையின் தகப்பனார், சிங்கப்பூரில் இருக்கிறார். அவருக்கும் சேர்த்து இவரே டிக் போடுகிறார். கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டில் யார் "ஆம்" போடுவார்கள்? குலத்துக்கு எந்தக் கோயில், எந்தப் பிரிவு என்று கேட்டால் தலைமுறை தலைமுறையாகச் சொல்வார்கள். பெரியவர் ஒருவர் ஏன் வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டை விட்டு வெளியே வருவதில்லை என்று கேளுங்கள், "அவுகளுக்கு உடம்புக்கு முடியலை" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒருவரைக் கேட்டு இன்னொருவரின் நோய் வரலாற்றை எழுதினால், இல்லாததை உண்டு என்பதைவிட உள்ளது விடுபட்டுப் போவதே அதிகம். இது ஆய்வாளர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த குறை. விடுபட்ட வீட்டுப் பிள்ளைகளும் 'பாதிப்பில்லாத பெற்றோரின் பிள்ளைகள்' கணக்கில் போய்ச் சேர்வார்கள். அப்புறம் இரு தரப்புப் பிள்ளைகளுக்கும் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை என்று முடிவு வரும்.

மருத்துவரைப் பார்த்தீர்களா என்று கேட்டாலும் போதாது. பாதிப்பின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறவில்லை என்று 2015-16 தேசிய மனநல ஆய்வு சொன்னது. மனச்சோர்வைக் கண்டறியப் பயன்படும், ஒன்பது கேள்வி கொண்ட பி.ஹெச்.கியூ-9 படிவமோ கடந்த இரண்டு வாரத்தை மட்டும்தான் விசாரிக்கும். பிள்ளை பெற்ற வருஷத்தில் மனச்சோர்வில் கிடந்து, பிறகு தேறிவிட்ட தாய் அதில் அகப்படவே மாட்டார்.

தாயையும் தகப்பனையும் தனித்தனியாகக் கேட்கட்டும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம்தான் முன்னால். ஞாயிற்றுக்கிழமை போன் போட்டால் கிடைப்பார். நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம். "எதிலும் மனசு ஒட்டாமல், தூக்கமில்லாமல், வேலைக்குப் போக முடியாமல் வாரக்கணக்கில் இருந்ததுண்டா? அப்போது பிள்ளைக்கு என்ன வயது?" என்று கேட்டால் பதில் வரும். "தெரியாது" என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும். அதை "இல்லை"யோடு சேர்த்து எண்ணக் கூடாது.

இன்னொன்று. நிரப்பிய படிவங்கள் மடித்துக்கூட வைக்காமல் வகுப்பாசிரியையின் மேசையில் கிடந்தன. அடுத்த முறை ஒட்டிய உறையில் வாங்க ஏற்பாடு செய்யட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
காரைக்குடி