மூன்றாவது தாள்

லண்டன்

மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பரீட்சை முடியட்டும் என்று இருந்துவிட்டேன். 42 வயதில் மறுபடி மாணவன், கோபித்துக்கொள்ளாதே.

"முதுகு பிடித்துவிட நாலு வருஷப் படிப்பா?" என்று கேட்டிருந்தாய். ஆமாம். ஆஸ்டியோபதி என்று பெயர், எலும்பு, மூட்டு, தசைகளைக் கையாலேயே கவனிக்கும் வைத்தியம். இந்தப் படிப்பில் கிளினிக்கில் மட்டும் 1,000 மணி நேரம் கழிக்க வேண்டும். 1993ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின், பதிவு செய்யாமல் ஆஸ்டியோபாத் (இந்த வைத்தியம் செய்பவர்) என்று இங்கே போர்டு மாட்டினால் குற்றம்.

ஆரம்பத்தில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். ஒரு தலைமுடியைத் தாளுக்கு அடியில் வைத்து, கண்ணை மூடி விரலால் தேட வேண்டும். கிடைத்துவிட்டால் மேலே இன்னொரு தாள். மூன்றாவது தாளில் தோற்றேன். அழுத்தித் தேடியதுதான் தப்பு. அழுத்தினால் நம் விரலில் துடிக்கும் நாடிதான் நமக்குத் தெரியும். அம்மா பேசிக்கொண்டே அரிசி களையும்போது கல் வந்த இடத்தில் விரல் தானாக நிற்குமே, அந்த இலேசு வர எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

வந்தும் என்ன? போன வாரம் ஒரே முதுகில், இடுப்பின் நாலாவது முள்ளெலும்பு எது என்று மூன்று பேர் பேனாவால் புள்ளி வைத்தோம். மூன்றும் மூன்று இடம்! அனுபவசாலிகளுக்குள்ளும் இப்படித்தான் ஒத்துப்போவதில்லை என்கின்றன ஆய்வுகள். விரல் சொல்வதில் பாதி, மனசு முன்பே முடிவு செய்துவைத்தது.

இந்த ஆஸ்டியோபதியைத் தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் ஓர் அமெரிக்க டாக்டர். 1864இல் மூளைக்காய்ச்சலுக்கு மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். அன்றைய மருந்துகள் மேல் நம்பிக்கை போய்க் கையை நம்பினார். 1892இல் மிசௌரி மாநிலத்துக் கர்க்ஸ்வில்லில் பள்ளி தொடங்குமுன், 'மின்னல் எலும்பு வைத்தியர்' என்று விளம்பரம் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார். படித்ததும் திண்ணையில் மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளையுமாக உட்கார்ந்திருந்த உன் தாத்தா ஞாபகம்தான். ஆனால் ஸ்டில் கிட்டத்தட்ட எல்லா நோய்க்கும் எலும்பிலேயே காரணம் தேடினார். அதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. இடுப்புவலிக்கு ஓரளவு பலன் உண்டு, அவ்வளவுதான்.

அப்புறம், சலூனில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்க விடாதே. அந்தச் சத்தம் எலும்பு இடத்தில் உட்காரும் சத்தமல்ல. மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி செய்யும் வேலை. அப்படி முறுக்கி, கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்களும் உண்டு.

அப்பாவின் இடுப்புவலியை நான் வந்து பார்க்கவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். பொங்கலுக்கு வருகிறேன். அதற்குள் அவரிடம் கேள்: உட்காரும் இடத்தில் மரத்துப்போகிறதா? சிறுநீர் கழிக்கச் சிரமமா? இரண்டு காலும் தளர்கிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் எனக்காகக் காத்திருக்காதே. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. இதற்கு மட்டும் பதில் கடிதம் வேண்டாம், போன் பண்ணு.

உன்,
மாப்பிள்ளை