வரலாற்று வட்டத்தின் ஆண்டறிக்கை: இந்த வருடம் நீதிபதி பார்க்கர்

எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு போன வருடத்தைவிடக் கொஞ்சம் கூடியிருக்கிறது, அதோடு என் வாய் மூடிக்கொள்ளும். இந்த வருடம் நாம் அதிகம் பேசியது, பேசியதைவிட அதிகமாகச் சண்டை போட்டது, நாம் வேலைக்கு வந்து குடியேறிய இந்த அமெரிக்க மாநிலமான ஆர்கன்சாவின் பழைய நீதிபதி ஐசக் பார்க்கரைப் பற்றித்தான்.

1838-இல் ஒகையோவில் பிறந்தவர். மிசூரியில் வக்கீலாக இருந்து, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் உறுப்பினராகவும் ஆனவர். 1875-இல் அதிபர் கிராண்ட் அவரை இங்குள்ள ஃபோர்ட் ஸ்மித் நகரத்துக்கு மத்திய நீதிபதியாக அனுப்பியபோது வயது 36. முன்னால் இருந்தவர் ஊழல் புகாரில் ராஜினாமா செய்துவிட்டுப் போன நாற்காலி அது. இன்றைய ஓக்லஹோமாவான ‘இந்தியப் பிரதேச’த்தில் அமெரிக்கப் பழங்குடியினரின் சொந்த நீதிமன்றங்கள் தம் மக்களை மட்டுமே விசாரிக்கலாம், வெளியாள் சம்பந்தப்பட்ட குற்றமெல்லாம் இவரிடம்தான் வரும். அந்த செப்டம்பரிலேயே ஒரே மேடையில் ஆறு பேருக்குத் தூக்கு. 21 வருடத்தில் 160 பேருக்கு மரண தண்டனை விதித்தார், அதில் 79 பேர் தூக்கில் ஏறினார்கள். ‘தூக்கு நீதிபதி’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

நம் ஆட்களில் பாதிப் பேர், கொலைக்குச் சட்டத்தில் வேறு தண்டனையே கிடையாது, அவர் என்ன செய்வார் என்றார்கள். சரி, அது உண்மைதான். ஆனால் 1889 வரை அவர் தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போகவே வழியில்லை, அதிபர் மனமிரங்கினால் உண்டு. வழி திறந்ததும் மேல்முறையீட்டுக்குப் போன தீர்ப்புகளில் பாதிக்கு மேல் ரத்தாகின. ஜூரிக்கு அவர் சொன்ன அறிவுரைகளில் குற்றவாளி என்ற முடிவு முன்பே உட்கார்ந்திருந்தது என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பக் குட்டியது. அவரும் சும்மா இருக்கவில்லை, மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோதே செரோக்கி பில் என்ற மரண தண்டனைக் கைதி சிறைக் காவலர் ஒருவரைச் சுட்டுக் கொன்றதைக் காட்டி, பத்திரிகைகளிலேயே உச்ச நீதிமன்றத்தைச் சாடினார். என்னைக் கேட்டால், கயிற்றைவிடப் பயங்கரம் மேலே கேட்பாரில்லாமல் போன அந்த 14 வருடம்.

ஃபோர்ட் ஸ்மித் சுற்றுலாவில் பலருக்கும் மனதில் நின்றது தூக்குமேடை இல்லை, அடித்தளச் சிறை. கல் தரை, இரண்டே பெரிய அறைகள், நேர் மேலே நீதிமன்றம். ‘எல்லையிலுள்ள நரகம்’ என்று பெயர் வாங்கிய இடம். குழந்தைகள்கூட அங்கே சத்தம் போடவில்லை.

1896 செப்டம்பரில் இந்தியப் பிரதேசம் அவர் கையைவிட்டுப் போனது, நவம்பர் 17-இல் அவரே போய்விட்டார். ஆலன் என்ற சிறுவனின் வழக்கில் இரண்டு முறை ரத்தான அவரது தீர்ப்பை, மூன்றாம் முறை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது டிசம்பரில். முடிவுக்கு வராத ஜூரிக்குச் சொல்லும் அறிவுரைக்கு இன்றும் அமெரிக்காவில் ஆலன் பெயர்தான்.

அடுத்த வருடம் இதே நீதிமன்றத்தின் துணை மார்ஷல் பாஸ் ரீவ்ஸ். அடிமையாகப் பிறந்தவர், எழுதப் படிக்கத் தெரியாமல் வாரண்டுகளை மனப்பாடம் செய்து ஆள் பிடித்தவர். பேச விரும்புகிறவர்கள் என்னிடம் பெயர் கொடுங்கள். அப்புறம், செயலாளர் பதவிக்கும் யாராவது கொடுத்தால் நல்லது.