வீதி உயர்ந்தது, வெள்ளம் வளவுக்குள் இறங்கியது

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஒழுங்கை கடந்த ஆண்டு கொங்கிறீற் இட்டு ஓரடி உயர்த்தப்பட்டபோது வெள்ளவாய்க்காலின் மதகு மண்ணால் மூடுண்டு போனதால், ஐப்பசி மழை தொடங்கியதும் வீதி வெள்ளம் முழுவதும் வளவுகளுக்குள் இறங்கி, மலசலகூடக் குழியையும் கிணற்றுக் கட்டையும் ஒருசேர மூடி நின்றது. நான்கு நாட்களாகக் கிணற்றில் மண்ணிற நுரை மிதந்தது.

சேறு காய்ந்துவிடும், கிணறு கெட்டால் எமக்கு வேறு நீர் ஏது? யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல் வெடிப்புகளூடாக இறங்கிச் சேரும் நிலத்தடி நீரையே குடிக்கிறோம்; பொதுக் கழிவுநீர்க் குழாய் இல்லாத எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடுள்ள குழிகளின் கழிவும் அதே வெடிப்புகளூடாகவே கசிகிறது. அக்கழிவிலிருந்து நீரில் கலக்கும் நைத்திரேற்று என்னும் உப்பு குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அது மிகுந்தால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறன் குன்றும்.

வீதியை உயர்த்தியவர்கள், வாய்க்கால் எந்தக் குளத்தில் போய் விழுகிறது என்று அயலிலுள்ள முதியவர்களிடமாவது கேட்டிருக்கலாம். அடைபட்ட மதகைத் தோண்டும் பொறுப்பு யாருடையது, வீட்டுக்காரர் தம் செலவில் தோண்ட அனுமதி உண்டா என்பவற்றுக்கு அடுத்த மாரிக்கு முன் எழுத்தில் பதில் தருமாறு உரியவர்களை வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வீட்டுரிமையாளர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.