லாரி ஓட்டும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

மோல்மேனில் எல்லோரும் நலம். நீ ஐராவதி டெல்டா பக்கம் அரிசி லாரி ஓட்டுகிறாய் என்று உன் மாமா சொல்லித்தான் தெரிந்தது. என்னிடம் சொல்லியிருந்தால் வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? நானும் ஸ்டியரிங் பிடித்துத்தானே உங்களை வளர்த்தேன். சரி, அது போகட்டும். தொங்கு பாலத்தைப் பற்றி மட்டும் கேள்.

பாலத்தில் ஏறியதும் லாரியின் கனம் தொங்கு கம்பிகள் வழியாகப் பெரிய வடத்துக்குப் போகிறது. வடம் கோபுரத்தின் மேல் ஏறி இறங்கி, இரு கரையிலும் புதைத்திருக்கும் கான்கிரீட் கட்டையை இழுக்கிறது. துணி காயப்போடும் கயிற்றின் நடுவில் ஈரப் போர்வையைப் போட்டால் இரண்டு பக்க முளையும் உள்ளே சாயுமே, அப்படித்தான். அங்கே கரையோ வெறும் வண்டல். மழையும் உப்புக் காற்றும் வடத்தை அரிப்பது வெளியே பூசிய பெயின்டில் தெரியாது.

நம் பர்மாவில், அந்த டெல்டாவிலேயே இருந்த மியாங்மியா தொங்கு பாலம் 1996-இல் கட்டியது. 2018 ஏப்ரல் 1 அன்று, லாரி போய்க்கொண்டிருந்தபோதே ஆற்றில் விழுந்தது. 2 பேர் செத்தார்கள். பழைய பாலம் என்று சொல்லவும் முடியாது, பார்.

அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. உன் அக்கா ஃபோனில் காட்டினாள். ஓஹையோ ஆற்றின் மேல் நெடுஞ்சாலை போன சில்வர் பாலம், 1967 டிசம்பர் 15 சாயங்காலம், வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும்போது சரிந்தது. 46 பேர் செத்துப் போனார்கள். அதில் வடத்துக்குப் பதில் இரும்புப் பட்டைகளைக் கோத்த சங்கிலி. ஒரு பட்டையில் சின்னக் கீறல், இணைப்பைக் கழற்றினால்தான் கண்ணில் படும். பாலம் திறந்த 1928-இல் கார்களும் லாரிகளும் இவ்வளவு கனம் இல்லை. நம் முதலாளிகளுக்கு இதை யார் சொல்வது?

அதனால் பாலத்துக்கு இப்பால் போர்டில் எழுதியிருக்கும் டன் கணக்கைப் படி. காவலுக்கு நிற்பவர் காசு வாங்கிக்கொண்டு கை காட்டினாலும் ஏறாதே. முன்னால் பெரிய லாரி போனால் அது அக்கரை இறங்கும்வரை நில். பின்னால் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும். பாலத்தின் மேல் திடீரென்று பிரேக் போடாதே. மூட்டை அதிகம் என்றால் பாதியை இறக்கி இரண்டு நடையாகப் போ. டீசல் செலவு என்று முதலாளி கத்தினால் என் நம்பரைக் கொடு, நான் பேசிக்கொள்கிறேன். சம்பளத்தில் பிடித்தால் அந்தப் பணத்தை நான் அனுப்புகிறேன்.

அம்மா எலுமிச்சை ஊறுகாய் போட்டிருக்கிறாள். ரங்கூன் பஸ்ஸில் கொடுத்துவிடலாமா, இல்லை பொங்கலுக்கு நீயே வருகிறாயா? பதில் போடு. லாரிக்கு எத்தனை மூட்டை ஏற்றுகிறார்கள் என்பதையும் ஒளிக்காமல் எழுது.

இப்படிக்கு,
அப்பா