நகராத பள்ளங்கள்

அன்புள்ள பாலு,

உன் கடிதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. கயலின் கண்ணுக்கு லேசர் சிகிச்சை செய்வதைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதற்குக்கூடப் பதில் எழுதாமல் இருந்தது பெரிய தவறு. மன்னித்துவிடு. இங்கே எல்லோரும் நலம். அம்மா உன்னை விசாரித்தார்.

எங்கள் ஆய்வகத்தில் புற ஊதா ஒளி தரும் ஆர்கான் ஃப்ளோரைடு லேசர் என்னைப் பிடித்து வைத்திருந்தது. நிறமாலையை எடுத்துப் பார்த்தால், 193 நானோமீட்டரை ஒட்டி வழவழப்பான மேடு வரவேண்டிய இடத்தில், பல் உடைந்த சீப்பைப் போலப் பள்ளங்கள். உடனே நீ எடுத்த செனான் குளோரைடு லேசரின் நிறமாலைப் படம், நம் ‘மாட்டுத்தலை’தான் நினைவுக்கு வந்தது. 307.9, 308.2 நானோமீட்டர் என்று இரண்டு கொம்புகள்! ஆனால் செனான் குளோரைடின் அடிநிலையில், அதாவது அதன் மிகக் குறைந்த ஆற்றல் நிலையில், ஆழமில்லாத ஒரு குழியாவது உண்டு. மூலக்கூறு அதில் சற்றே தங்கி அதிர்வதால் கொம்பு முளைக்கிறது. ஆர்கான் ஃப்ளோரைடுக்கு அந்தத் தங்குமிடம்கூட இல்லை. ஒளியை உமிழ்ந்த கையோடு அணுக்கள் இரண்டும் பிரிந்து போய்விடும். அப்படியிருக்க இந்தப் பள்ளங்கள் எங்கிருந்து வரும்? மூன்று வாரம் எனக்குத் தூக்கமே இல்லை.

லேசர்க் குழாயின் வாயுவை மாற்றினேன். ஒளி வெளியேறும் அதன் சாளரங்களைத் துடைத்தேன். மின்னழுத்தத்தை ஏற்றினேன், இறக்கினேன். மேட்டின் உயரம்தான் மாறியது; பள்ளங்கள் இம்மியும் நகரவில்லை. குழாய்க்குள் எதை மாற்றினாலும் அசையாதது குழாய்க்கு வெளியேதானே இருக்க வேண்டும்? சாளரத்துக்கும் ஆடிக்கும் நடுவே ஒரு சாண் காற்று இருந்தது. ஒளி அதன் வழியே போகிறது, திரும்புகிறது, மறுபடி போகிறது. ஒவ்வொரு முறையும் ஆக்ஸிஜன் தனக்குரிய அலைநீளங்களைத் தின்றுவிடுகிறது. லேசர் ஒளிக்குத் தரும் பெருக்கத்தைப் பக்கத்து அலைநீளங்கள் அள்ளிக்கொள்வதால் சின்ன உறிஞ்சல்கூடப் பெரும் பள்ளமாகிவிடுகிறது. ஆக்ஸிஜன் உறிஞ்சும் ஷூமன்–ருங்கே பட்டைகள், பாலு! தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்த அதே பெயர்.

காற்றை விரட்ட நைட்ரஜனை ஓடவிட்டேன். பள்ளங்கள் ஒவ்வொன்றாகத் தூர்ந்து வந்தன. அந்த நேரம் நீ பக்கத்தில் இல்லையே என்றிருந்தது. 193.09இல் மட்டும் ஊசி குத்தியதுபோல ஒன்று மிச்சம். அது கார்பன் அணுவின் கோடு. லேசர் வாயுவிலேயே மாசு கலந்திருக்கிறது; அடுத்த வேலை அதுதான்.

இப்போது கயலின் விஷயம். கருவிழியைச் செதுக்குவதும் இதே 193 நானோமீட்டர் ஒளிதான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன், 1981இல் ஐ.பி.எம். ஆய்வகத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின் மேல் இதைப் பாய்ச்சினார். சுற்றுத் திசு கருகாமல் சுத்தமாக வெட்டு விழுந்தது. அதன் ஒரு ஃபோட்டானுக்கு, அதாவது ஓர் ஒளித்துகளுக்கு, 6.4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். மேற்பரப்பின் பிணைப்புகளை அறுத்து மெல்லிய படலத்தை மட்டும் பெயர்த்துவிடுகிறது. ஒளியைப் பற்றி எனக்கு அச்சமில்லை. ஆனால் அவள் கருவிழியின் தடிமன் போதுமா, கண்ணாடியின் பவர் மாறாமல் நிலைத்துவிட்டதா என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தேதி குறிக்காதே. சைக்கிள் வாங்கிய கதையாக இதிலும் அவசரப்பட்டால் நேரே கிளம்பி வந்து சண்டை போடுவேன்.

மாட்டுத்தலையின் மூலப்படம் உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் அனுப்பு. என் படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

உன்,
கண்ணன்